அவருடைய ரிப்போர்ட் எங்கே?

தமிழ்நாடு மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், செயற்கைக் கருத்தரிப்பு மையங்களைக் கண்காணிக்கும் மாநில வாரியத்தின் உறுப்பினர்களுக்கும்,

குழந்தை இல்லை என்று வரும் தம்பதியரின் ஃபைல் எங்கள் மேசைக்கு வந்து சேரும்போது தடிமனாகத்தான் இருக்கிறது. மனைவியின் ஸ்கேன் படங்கள், தைராய்டு, ப்ரோலாக்டின், ஏஎம்ஹெச் என்ற ஹார்மோன் சோதனைகள், கருக்குழாய் எக்ஸ்ரே, முட்டை வளர நான்கைந்து மாதம் சாப்பிட்ட மாத்திரைச் சீட்டுகள், சிலரிடம் வயிற்றில் துளையிட்டு உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி முடிந்து வாங்கிய டிஸ்சார்ஜ் தாள். கணவர் பெயரில் ஒரு தாள்கூட இருக்காது. இருந்தால் மூன்றே வரி: கவுன்ட் (எண்ணிக்கை) இத்தனை, மோட்டிலிட்டி (அசைவு) இத்தனை, கீழே 'நார்மல்' என்று ஒரு முத்திரை. சென்னையின் விந்தணு ஆய்வகங்களில் மைக்ராஸ்கோப் முன் உட்காரும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுவது அந்த மூன்று வரி விந்துச் சோதனைத் தாளைப் பற்றித்தான்.

கருத்தரிப்பு மையங்களின் பதிவு, படிவம், ஸ்கேன் மெஷின் கணக்கு எல்லாம் துறையின் பார்வையில் இருக்கின்றன. அந்த மையத்தின் படியேறுவதற்கு முன்பே தெருமுனை லேபில் நடந்து முடிந்துவிடும் முதல் சோதனையை எப்படிச் செய்கிறீர்கள் என்று இதுவரை யாரும் எங்களிடம் வந்து கேட்டதில்லை.

அரசமரத்தைச் சுற்றி வந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். இன்று மரம் போய் மாத்திரை வந்திருக்கிறது. முட்டை வளர மருந்து கொடுக்கிறார்கள், மாதக் கடைசியில் நாள் தள்ளிப்போனதா என்று கேட்கிறார்கள். கணவருக்கு அணு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. ஒரு சொட்டு அணுகூட இல்லாத கணவரின் மனைவி ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டிருப்பார். மாமியார் வீட்டில் 'விசேஷம் ஏதும் உண்டா' என்ற கேள்விக்கு ஆறு மாதமும் அவர்தான் தலை குனிந்திருப்பார்.

தடுப்பு ஏதுமின்றிச் சேர்ந்து வாழ்ந்து 12 மாதம் ஆகியும் கரு நிற்கவில்லை என்றால் சோதனை தொடங்க வேண்டும். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதம். 40 என்றால் காத்திருக்கவே கூடாது. குழந்தையின்மைக்கு வரும் தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணம் தனியாகவோ மனைவி பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. அப்படியிருக்க, சாயம் செலுத்தி வலியோடு எடுக்கும் கருக்குழாய் எக்ஸ்ரே முன்னால் வருகிறது, ஊசி கிடையாது, வலி கிடையாது, செலவும் குறைவு என்ற விந்துச் சோதனை பின்னால் வருகிறது. மருத்துவத்தில் இதற்கு நியாயம் இல்லை. கூச்சமும், கணவரைக் கேட்கத் தயங்கும் பழக்கமும்தான் காரணம்.

அந்தச் சோதனையாவது ஒழுங்காக நடக்கிறதா என்றால், அங்கேதான் எங்கள் முதன்மையான குறை.

சாம்பிள் கொடுப்பதற்கு முன் 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். ஒரே நாள் இடைவெளி என்றால் எண்ணிக்கை குறைவாகக் காட்டும்; பத்துப் பதினைந்து நாள் தேக்கி வைத்தால் எண்ணிக்கை கூடியிருக்கும், ஓட்டம் செத்திருக்கும். எத்தனை நாள் என்று கேட்டு எழுதும் லேப் குறைவு. அறைக்குள் அனுப்பும்போது எண்ணெய், சோப்பு, எச்சில் எதுவும் படக்கூடாது என்று சொல்ல வேண்டும். சொல்வதில்லை. சாதாரண ஆணுறையில் பிடித்துக் கொண்டுவந்தால் அதன் ரப்பரும் பூச்சும் அணுக்களைக் கொல்லும். அதையும் சொல்வதில்லை. எல்லாவற்றையும் விட முக்கியம், முதல் சொட்டு டப்பாவுக்குள் விழுந்ததா என்ற கேள்வி. அணுக்கள் அதிகம் இருப்பது முதலில் வரும் பகுதியில். அது தரையில் போய்விட்டால் மிச்சத்தை எண்ணி 'குறைபாடு' என்று எழுதிக் கொடுப்பது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம். கொஞ்சம் சிந்திவிட்டது என்று அவரே சொன்னால் அதைத் தாளில் எழுத வேண்டும், வேறொரு நாள் வரச் சொல்ல வேண்டும். கூச்சத்தில் அவர் சொல்வதில்லை, அவசரத்தில் நாங்கள் கேட்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

வீட்டில் எடுத்துவரலாம். ஆனால் அரை மணிக்குள் வந்தால் நல்லது, ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வழியில் சூடு 20 முதல் 37 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தாம்பரத்திலிருந்து கோடம்பாக்கம் வரை காலை நெரிசலில், மே மாத வெயிலில், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் அடைத்துக்கொண்டு வரும் டப்பா என்ன சூட்டில் வந்து சேரும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். சட்டை உள்பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு வாருங்கள் என்ற ஒரு வரி அறிவுரை போதும். அதை அச்சடித்துக் கையில் கொடுக்கும் லேப்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இனி எங்கள் மேசையில் நடப்பது. விந்து வந்தவுடன் கூழ் போல இருக்கும். 37 டிகிரியில் வைத்தால் 15 முதல் 30 நிமிடத்தில் இளகும். இளகுவதற்குள் எடுத்துப் பார்த்தால் ஒரு துளியில் கூட்டமாகவும் இன்னொரு துளியில் காலியாகவும் தெரியும். நன்றாகக் கலக்கி, நீர்க்கச் செய்து, கட்டம் போட்ட நியூபாவர் கண்ணாடியில் இரண்டு தடவை, தடவைக்கு 200 அணுவுக்குக் குறையாமல் எண்ண வேண்டும். ஏன் இத்தனை? 400 எண்ணினால் பிழை 5 சதவீதம். 100 எண்ணினால் 10. 10 மட்டும் எண்ணினால் 30-ஐத் தாண்டிவிடும். சிலைடில் ஒரு துளி வைத்து மூடி, கண்ணளவில் 'நாற்பது இருக்கும்' என்று போடும் லேபில் பிழை எவ்வளவு என்று கணக்குப் போடவே வழியில்லை. சாம்பிள் குளிர்ந்துவிட்டால் நன்றாக ஓடும் அணுவும் சோம்பேறி போலத் தெரியும். ஏசி அறையில் சூடான மேடை இல்லாத மைக்ராஸ்கோப்பின் மோட்டிலிட்டி ரிப்போர்ட்டை நாங்கள் நம்புவதில்லை.

கையில் இருக்கும் ரிப்போர்ட் உருப்படியானதா என்று யாரும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு குறுக்குவழி உண்டு. மார்ஃபாலஜி என்ற வரியில் இயல்பான உருவம் 60, 70 சதவீதம் என்று போட்டிருந்தால், கறுப்பு வெள்ளையாகச் சொல்கிறோம், சாயமேற்றி எண்ணெய் லென்ஸில் கறாராகப் பார்க்கவில்லை. கறாராகப் பார்த்தால் குழந்தை பெற்ற ஆண்களுக்கே அந்த எண் பெரும்பாலும் இருபதைத் தொடாது. குறைந்தபட்ச அளவே 4 சதவீதம்தான். அடுத்தது 'பஸ் செல்' வரி. வட்டமாகத் தெரிவதெல்லாம் சீழ் அணு அல்ல, முதிராத விந்தணுச் செல்லும் அதே வட்டம்தான். பெராக்ஸிடேஸ் சாயம் போட்டால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். அதைச் செய்யாமல் 'பஸ் செல் 10-15' என்று எழுதுவதால், தொற்று இல்லாத ஆண்கள் மாதக் கணக்கில் ஆன்டிபயாட்டிக் விழுங்குகிறார்கள்.

ஒப்பிடும் அளவும் லேபுக்கு லேப் மாறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் விந்துச் சோதனைக் கையேடு 2021-இல் ஆறாம் பதிப்பாக வந்தது. அதன்படி கீழ் எல்லை: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1.6 கோடி அணு, மொத்தமாக 3.9 கோடி, மொத்த அசைவு 42 சதவீதம், முன்னோக்கி நகர்பவை 30 சதவீதம். சென்னை லேப்களின் தாள்களில் ஒன்றில் 1.5 கோடி, இன்னொன்றில் 2 கோடி, மற்றொன்றில் 6 கோடி என்று அச்சாகியிருக்கிறது. ஒரே மனிதர் அண்ணா நகரில் நார்மல், அம்பத்தூரில் குறைபாடு. இந்த எண்களும் கோட்டுக்கு அந்தப் பக்கம் மலடு என்று பிரிக்கும் கோடு அல்ல. ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை வரிசையாக நிறுத்தினால் கடைசி ஐந்து சதவீதம் தொடங்கும் இடம் அது, அவ்வளவுதான். அதற்குக் கீழே இருப்பவர்களுக்கும் குழந்தை பிறக்கிறது, மேலே இருப்பவர்களும் எங்களிடம் வந்து நிற்கிறார்கள்.

ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டவும் கூடாது. ஓர் அணு உருவாகி முடிய 74 நாள் அளவில் ஆகும், அதன் பிறகு பாதையைக் கடந்து வர மேலும் சில நாள். இன்று கொடுக்கும் சாம்பிள் மூன்று மாதத்துக்கு முந்தைய உடம்பின் கதை. ஐப்பசி மழையில் டெங்கு வந்து படுத்தவரின் மார்கழி ரிப்போர்ட் மோசமாகத்தான் இருக்கும். குறை தெரிந்தால் இடைவெளி விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அணுவே தெரியவில்லை என்றால் சாம்பிளை 3000 ஜி வேகத்தில் 15 நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி அடியில் படிந்ததைத் தேட வேண்டும். அங்கே நாலைந்து கிடைத்தாலும் அந்தத் தம்பதியின் வழியே வேறாகிவிடும். சுற்றாமலே 'நில்' (ஒன்றும் இல்லை) என்று எழுதித் தருவது ஒரு குடும்பத்தையே உடைக்கும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு அளவு மிகக் குறைந்து வந்தால், விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போகிறதா என்று, உடனே பிடித்த சிறுநீரையும் பார்க்க வேண்டும்.

குறை உறுதியான பிறகாவது கணவரை ஒரு மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டாமா? விரையின் அளவு, விந்துக்குழாய் கைக்குத் தட்டுப்படுகிறதா, நிற்கும்போது ரத்தக் குழாய்கள் புடைக்கும் வெரிகோசீல் உண்டா என்பதெல்லாம் ஐந்து நிமிட வேலை. விந்துக்குழாய் பிறவியிலேயே இல்லாத ஆண்கள் உண்டு. அவர்களுக்கு விரையில் உற்பத்தி நன்றாகவே நடந்துகொண்டிருக்கும். எஃப்எஸ்ஹெச், டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன்கள் இரண்டும் பார்த்தால் உற்பத்திக் குறையா, வழியடைப்பா என்று ஓரளவு தெரிந்துவிடும். உற்பத்திக் குறையில் எண்ணிக்கை மிகக் குறைந்தோ அறவே இல்லாமலோ இருந்தால் குரோமோசோம், ஒய் குரோமோசோம் விடுபாடு (அதில் ஒரு துண்டு இல்லாமல் போவது) ஆகிய சோதனைகளையும் சேர்க்க வேண்டும். அந்த விடுபாட்டில் ஏ அல்லது பி பகுதி முழுதாகப் போயிருந்தால் விரையைக் கீறித் தேடியும் அணு கிடைக்காது. ரத்தச் சோதனை செய்யாமல் நேரே கீறுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறோம்.

இதைவிட வேதனை, ஹார்மோன் குறைவு என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுவது. வெளியிலிருந்து அது வந்தால் மூளை தன் கட்டளையை நிறுத்திக்கொள்ளும், விரை அணு செய்வதை நிறுத்திவிடும். குழந்தை வேண்டி வந்தவருக்குக் கருத்தடை ஊசி போட்டது போலத்தான். நிறுத்திய பின் திரும்பிவர மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டைத் தாண்டும். ஜிம்மில் உடம்பு ஏற்றப் போடும் ஊசியும் இதே ரகம். அதை எவரும் கேட்பதில்லை, கேட்டால் பையன் மறைக்காமல் சொல்லிவிடுகிறான்.

இவ்வளவையும் தாண்டிக் குதிக்க மையங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இக்சி. ஊசியால் அணுவை நேரே முட்டைக்குள் செலுத்தும் இதில் ஒரு முட்டைக்கு ஓர் அணு போதும் என்பதால், அணு ஏன் குறைந்தது என்ற கேள்வியே தேவையற்றதாகிவிட்டது. இக்சி எங்கள் கையாலும் நடக்கும் வேலை, அதன் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனால் அணு குறைவது விரைப் புற்றுநோயின், மூளையடி பிட்யூட்டரிச் சுரப்பிக் கட்டியின், மரபுக் குறையின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். கைக்குத் தட்டுப்படும் வெரிகோசீலைச் சரிசெய்தால் சிலருக்கு மனைவியின் உடம்பில் ஓர் ஊசிகூடப் போடாமல் கரு நிற்கலாம். அணு நன்றாக இருக்கும் தம்பதியருக்கும் இக்சி செய்யும் வழக்கம் வேறு பரவியிருக்கிறது. முட்டையையும் அணுவையும் உடம்புக்கு வெளியே தாமாகச் சேர விடும் சாதாரண ஐவிஎஃப்பை விட அவர்களுக்கு அதனால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுவதில்லை, பில் கூடுகிறது.

யாரும் கேட்காத இன்னொரு கேள்வியும் உண்டு: நீங்கள் இருவரும் சேர்கிறீர்களா? திருமணமாகி மூன்று ஆண்டாகியும் உடலுறவே நிகழாத தம்பதியர் ஐயூஐ (கழுவிய அணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது) வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வலியும் பயமும் கொண்ட இறுக்கம், விறைப்புக் குறை, இல்லையென்றால் அவருக்கு ஓஎம்ஆர் ஐடி கம்பெனியில் இரவு ஷிஃப்ட், அவளுக்குப் பகல் வேலை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்தாலே முட்டை வெளியாகும் நாளோடு முடியும் ஆறு நாள் வாய்ப்பு தவறாது. மொபைல் செயலியில் தேதி குறித்து மிரள வேண்டியதில்லை. மாமியாரையும் அம்மாவையும் வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேட்டால் பதில் வரும்.

பெண்ணைச் சோதிக்கவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்கட்டும். அதிலும் சரியாக நடக்கட்டும். முட்டை வெளியானதா என்று பார்க்கும் ப்ரொஜெஸ்டிரோனை எல்லோருக்கும் 21-ஆம் நாள் எடுக்கிறார்கள்; 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 28-ஆம் நாள். ஏஎம்ஹெச் குறைவு என்றால் முட்டைக் கையிருப்பு குறைவு, இயற்கையாகக் கரு நிற்காது என்று அர்த்தம் அல்ல. பயமுறுத்தி அட்வான்ஸ் வாங்க அது நல்ல எண்ணாக அமைந்துவிட்டது. கருப்பைத் திசுவில் காசநோய்க் கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் மட்டும் பாசிட்டிவ் என்பதை வைத்து ஆறு மாத மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். நம் நாட்டில் கருக்குழாயைக் கெடுப்பதில் காசநோய்க்குப் பெரிய பங்கு உண்டு என்பது உண்மை, ஆனால் அந்த ஒற்றைச் சோதனை தனியாகச் சாட்சி சொல்லப் போதாது. நீர்வைத்து வீங்கிய குழாயை அப்படியே விட்டுவிட்டு ஐவிஎஃப் செய்தால் பலன் ஏறத்தாழ பாதியாகிறது. முதலில் அதை அகற்றவோ அடைக்கவோ வேண்டும் என்று சொல்லாமலே கருவை வைக்கிறார்கள்.

விளம்பரப் பலகைகளில் தொங்கும் 'வெற்றி 80 சதவீதம்' பற்றி ஒன்றே ஒன்று. எதை எதால் வகுத்தது? ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனான பீட்டா ஹெச்சிஜி ஏறியதைக் கரு வைத்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு எண். கையில் குழந்தையோடு வீட்டுக்குப் போனவர்களை, ஊசி தொடங்கிய அனைவராலும் வகுத்தால் வேறு எண், மிகச் சிறிய எண். 42 வயதுப் பெண்ணிடம் 28 வயதுக்காரர்களின் எண்ணைக் காட்டுவது ஏமாற்று. வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு, இரட்டைக் கருவின் ஆபத்து எல்லாவற்றையும் முன்கூட்டியே விளக்க வேண்டும் என்பதும், ஒவ்வொரு மையமும் குறைதீர்ப்புப் பிரிவு வைத்திருக்க வேண்டும் என்பதும் 2021-ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மருத்துவக் காப்பீடோ குழந்தையின்மை சிகிச்சையை வழக்கமான விலக்குப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகவே ஏமாறும் ஒவ்வொரு ரூபாயும் நகையை வைத்தோ வட்டிக்கு வாங்கியோ கொண்டுவந்த ரூபாய்.

எங்கள் கோரிக்கைகளுக்கு வருகிறோம்.

கணவரின் விந்தணு ரிப்போர்ட், குறை இருந்தால் இரண்டாவது ரிப்போர்ட்டும், ஃபைலில் இல்லாமல் கருக்குழாய் எக்ஸ்ரே, லேப்ராஸ்கோப்பி, முட்டை வளர்ச்சி மருந்து, ஐயூஐ எதையும் தொடங்கக் கூடாது என்று அரசு, தனியார் இரு தரப்புக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். கணவர் வர மறுத்தால் மறுத்தார் என்று எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். மறுப்பும் அந்த ஃபைலில் இருக்க வேண்டிய தகவல்தான்.

விந்தணு ரிப்போர்ட்டுக்கு மாநிலம் முழுவதும் ஒரே படிவம் கொண்டுவாருங்கள். இடைவெளி நாள், எடுத்த நேரம், பார்த்த நேரம், சிந்தியதா, எத்தனை அணு எண்ணப்பட்டது, எந்தக் கண்ணாடி, எந்தப் பதிப்பின் அளவு, பெராக்ஸிடேஸ் செய்ததா, அணு இல்லையென்றால் சுற்றிப் பார்த்ததா என்ற கட்டங்கள் காலியாக இருந்தால் ரிப்போர்ட் செல்லாது என்று அறிவியுங்கள். ஐயூஐ சீட்டில் கழுவிய பின் நகரும் அணு எத்தனை என்ற கட்டமும் சேரட்டும். இந்தச் சோதனையைச் செய்யும் லேப்களை மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் தனியாகக் குறித்து, ஆண்டுக்கு இருமுறை ஒரே சாம்பிளை எல்லோருக்கும் அனுப்பி யார் எவ்வளவு விலகுகிறார்கள் என்று பாருங்கள். எங்களையும் சேர்த்தே பாருங்கள்.

எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் அரசே செயற்கைக் கருத்தரிப்பு மையம் தொடங்கியதை வரவேற்கிறோம். ஆனால் எல்லோருக்கும் ஐவிஎஃப் தேவையில்லை, எல்லோருக்கும் முதல் சோதனை தேவை. அதைச் சரியாகச் செய்யும் ஒரு லேபும், வாரம் இருநாள் ஆண்களுக்கான சிறுநீரகவியல் அல்லது கருத்தரிப்புக் குறை ஓபியும் (புறநோயாளிப் பிரிவு) எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் வரட்டும். டெக்னீஷியன்களுக்கு அங்கேயே பயிற்சி கொடுங்கள். ஒரு வாரத்தில் எண்ணக் கற்றுத்தர எங்களில் பலர் ஊதியமின்றி வரத் தயார்.

மையங்கள் வெற்றி எண்ணை எழுதுவதானால், தொடங்கிய சுழற்சிக்கு எத்தனை உயிருள்ள பிறப்பு என்று, மனைவியின் வயதுவாரியாக, வாசலில் எழுதட்டும். வேறு எந்தச் சதவீதத்தையும் பலகையில் போட அனுமதிக்காதீர்கள்.

கடைசியாக, சாம்பிள் அறை. பல லேப்களில் அது ரத்தம் கொடுக்க வந்தவர்கள் வரிசையில் நிற்கும் அதே கழிப்பறை; வெளியே ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார். உள்ளே தாழ்ப்பாள், கை கழுவும் தொட்டி, உட்கார ஒரு நாற்காலி, மனைவியும் உடன் வர அனுமதி, ஆய்வக மேசையிலிருந்து சில அடி தூரம். பதிவுக்கான நிபந்தனைகளில் இந்த ஐந்தையும் எழுதுங்கள்; ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
சென்னை விந்தணு ஆய்வகங்களில் பணிபுரியும் டெக்னீஷியன்கள், கருவியல் பணியாளர்கள் சிலர்